ஆயா மடியில் கட்டிவந்த கீரை

கிருஷ்ணகிரி உழவர் சந்தையில் கீரை விற்கும் அக்கா ஒருவரிடம், கடுகுக்கீரை கிடைக்குமா என்று ஒரு நாள் கேட்டேன். "கடுகுல ஏதுங்க கீரை?" என்றார். அவர் முன்னால் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை, மணத்தக்காளி எல்லாம் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் காய் வைத்திருந்த வயதான அம்மா மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ராகிக் கொல்லையில வருமே, அதைக் கேக்குறியா கண்ணு? இப்ப யாரு அதெல்லாம் போடுறாங்க" என்றார்.

நான் கேட்டது அதைத்தான். என் அம்மாவைப் பெற்ற ஆயாவின் ஊர் மாரண்டஹள்ளிப் பக்கம். மானாவாரிக் கொல்லை. ஆடியில் மழை விழுந்ததும் ராகி விதைப்பார்கள். ராகிக்கு நடுவே சால் விட்டு அவரையும் துவரையும் போடுவார்கள், கொல்லை ஓரத்தில் ஆமணக்கு நிற்கும். இவற்றோடு ஒரு சால் கடுகும் உண்டு. வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய கடுகு அந்தச் சாலிலேயே கிடைத்துவிடும், கடைக்குப் போக வேண்டியதில்லை. கடுகு பொடி விதை என்பதால் என்னதான் கை அளந்து விட்டாலும் நெருக்கமாகத்தான் முளைக்கும். களை எடுக்கும்போது ஆயா அந்த நெருக்கத்தைக் கலைத்துவிடும். பிடுங்கிய நாற்றை எறியாமல் மடியில் கட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு ராத்திரி களிக்குக் கீரைக் கடைசல். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், அவர்கள் அதை சாசிவெ சொப்பு என்பார்கள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மூக்கில் லேசாக ஏறி, தொண்டையில் கசந்து, களி உருண்டையோடு வழுக்கிக்கொண்டு இறங்கிய அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆயா போய்ப் பல வருடம் ஆகிறது. கொல்லையும் கைமாறிவிட்டது.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி ஊருக்கு வெளியே இருக்கிறது. பின்பக்கம் பத்தடிக்கு ஆறடி செம்மண் இடம். அதில் கடுகு போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது ஒரு தை மாதக் கடைசியில். அஞ்சறைப்பெட்டியில் இருந்த சின்னக் கடுகையே எடுத்துத் தூவினேன். மூன்றாம் நாளே முளைத்தது. இதயம் போல நடுவில் பிளந்த இரண்டு விதையிலைகள் பாத்தி முழுக்கப் பச்சைப் புள்ளிகளாக எழும்பியதைப் பார்த்தபோது ஆயாவின் கொல்லையே திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாவது வாரத்தில் உள்ளங்கை அளவு இலை வருவதற்கு முன்பே செடிகள் விறுவிறுவென்று மேலே நீண்டு மஞ்சள் பூ வைத்துவிட்டன. இருந்த இலையும் நார் நாராக, மென்றால் எரிச்சலாக இருந்தது.

காரணம் தேடியபோதுதான் இந்தச் செடியின் இயல்பு புரிந்தது. இந்தியாவில் கடுகு அதிகம் விளைவது ராஜஸ்தானில். அங்கே அக்டோபர், நவம்பரில் விதைத்துக் குளிர்காலம் முழுக்க வளர்த்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கிறார்கள். பகல் நீள ஆரம்பித்து வெயிலும் ஏறினால், காலம் முடியப்போகிறது, விதை வைத்துவிட வேண்டும் என்பது செடியின் கணக்கு. நான் விதைத்த நேரம், அது பூக்க வேண்டிய நேரம். மாசி, பங்குனி வெயிலில் அதற்கு இலை விடப் பொறுமை ஏது? அத்துடன் கடைக் கடுகு விதைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். அதனிடம் பெரிய இலையை எதிர்பார்ப்பது, கறவைக்கு வளர்த்த மாட்டை ஏரில் பூட்டுவது மாதிரி.

சரி, பட்டம் பார்த்துப் போடுவோம் என்று அந்த வருடம் ஐப்பசி வரை காத்திருந்தேன். எங்கள் மாவட்டத்தில் ஆவணி கடைசியிலிருந்து ஐப்பசி வரைதான் நல்ல மழை. கார்த்திகை, மார்கழி இரவுகள் நன்றாகக் குளிர்ந்துவிடும். கிருஷ்ணகிரி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஓசூர், தளிப் பக்கம் 900 மீட்டருக்கு மேல் போய்விடும். அங்கே இருப்பவர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு மாசி பாதி வரைகூடக் கீரை நிற்கும். நம் பக்கம் ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி முதல் வாரத்துக்குள் விதைத்துவிடுவது நல்லது.

செம்மண்ணில் ஒரு தொல்லை உண்டு. ஒரு மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால் மேல்மண் இறுகி ஓடு கட்டிவிடும். கடுகு முளைக்கு அந்த ஓட்டை உடைக்கிற பலம் கிடையாது. அதனால் பாத்தியை ஒரு சாண் ஆழம் கொத்தி, நன்றாக மக்கிய மாட்டு எரு இரண்டு கூடை கலந்து, மேலே அரை அங்குலத்துக்கு எருவையும் மணலையும் சலித்துப் பரப்பினேன். ஒரு கிராம் கடுகில் முந்நூறு, நானூறு விதைகள் இருக்கும். அரைத் தேக்கரண்டி என்பதே என் பாத்திக்கு அதிகம். அதை இரண்டு கை மணலோடு பிசறித் தூவினேன். மணலின் நிறம் தெரிவதால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்றும் தெரியும். தூவியதை விரலால் லேசாகக் கீறி மூடினால் போதும், அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம். பூவாளியால்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாயைப் பிடித்தால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முளைத்து நாலு இலை வந்ததும் ஒரு விரல்கடை இடைவெளிக்குக் கலைத்தேன். அப்புறம் பத்து நாள் கழித்து மறுபடியும் ஒரு சாண் இடைவெளிக்கு. கலைத்து எடுப்பதெல்லாம் சமையலுக்கு ஆயிற்று.

தண்ணீரில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நிலம் ஒரு நாள் காய்ந்து மறுநாள் நனைந்தால் இலையில் காரம் ஏறும், பூ சீக்கிரம் வரும். எங்கள் போர் தண்ணீர் உப்புக் கலந்தது, பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அதனால் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதையே ஊற்றினேன். வேர்க்கடலைத் தோலை வரிசைக்கு நடுவே பரப்பியது நிறையக் கைகொடுத்தது. நம் ஊர்ப்பக்கம் கடலைத் தோல் கேட்டால் கிடைக்கும்.

மார்கழி பிறந்து மூன்று நாள் தொடர்ந்து மோடம் போட்டிருந்தது. நான்காம் நாள் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சி. பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், மாவு பூசின மாதிரி. கடுகுக்கென்றே ஓர் அசுவினி இருக்கிறது. குளிரும் மேகமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆண் துணை இல்லாமலேயே பெண் பூச்சிகள் குட்டி போட்டுக்கொண்டே போகும் என்பதால் திங்கட்கிழமை பத்து இருந்தால் வெள்ளிக்கிழமை பாத்தியே போய்விடும். குருத்து சுருண்டது. முதல் வேலையாக மோசமான இலைகளைக் கிள்ளி வாளித் தண்ணீரில் போட்டேன். மிச்சச் செடிகளை இலையின் அடியில் படுமாறு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினேன். மறுநாள் சாயந்திரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடித்தேன். வேப்பெண்ணெய் அடித்தால் ஒரு வாரம் கீரை பறிக்க முடியாது, கசப்பு ஒட்டிக்கொள்ளும். அதனால் பாதிப் பாத்திக்கு மட்டும் அடித்து, மறுபாதியில் அடுப்புச் சாம்பலைப் பனி ஈரத்தோடு தூவினேன்.

அந்தச் சாம்பல் பாதியில்தான் ஒரு சின்ன முதலை மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த புழுக்கள் நடமாடின. புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று நசுக்கப் போனவளை, ஏதோ ஒரு சந்தேகம் நிறுத்தியது. உட்கார்ந்து கவனித்தேன். அசுவினியை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. அது பொறிவண்டின் குஞ்சு. பொறிவண்டு எல்லோருக்கும் தெரியும், அதன் இளம்புழு எப்படி இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. எத்தனை தோட்டத்தில் அதைப் பூச்சி என்று கொன்றிருப்போமோ என்று நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அசுவினி போக, இலையில் சல்லடைச் சல்லடையாகத் துளை போடும் சின்னத் தத்து வண்டும், பச்சைப் புழுக்களும் வரும். கடுகு என்றால் பூச்சிகளுக்கு அவ்வளவு இஷ்டம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் முட்டைக்கோசு பயிரிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வதுண்டு. கோசு நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே ஓரத்திலும் இடையிலும் கடுகு வரிசை விதைத்துவிடு, வைரமுதுகு அந்துப்பூச்சி கோசை விட்டுவிட்டு முதலில் கடுகில் போய் முட்டையிடும் என்பார்கள். பெரிய வயலில் கோசைக் காப்பாற்றக் கடுகைப் பலி கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பாத்தியிலோ கடுகுதான் பயிரே. அதற்காக வேறு யாரும் காவல் நிற்க மாட்டார்கள், நாம்தான் தினமும் காலையில் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் அந்த வருடம் நான்கு முறை கீரை அரிந்தேன். ஆனால் காரம் கட்டுக்குள் வரவில்லை. அதற்கு விடை தோட்டத்தில் இல்லை, அடுப்படியில் இருந்தது.

கடுகின் காரம் செடிக்குள் காரமாக இருப்பதில்லை. காரத்துக்கு மூலமான ஒரு பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. இலை கிழிந்தோ நசுங்கியோ போனால்தான் இரண்டும் ஈரத்தில் கலந்து, மூக்கில் ஏறும் அந்தக் கந்தக எண்ணெய் உண்டாகிறது. தின்ன வரும் புழுவை விரட்டச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு இது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். இதைத் தெரிந்துகொண்டதும், சின்ன வயதிலிருந்து சமையலில் பார்த்த பல விஷயங்களுக்கு அர்த்தம் விளங்கியது. கொதிக்கும் எண்ணெயில் தாளித்த கடுகு பொரிந்து மணக்கிறதே தவிர எரிவதில்லை. அதே கடுகை வெயிலில் காயவைத்துப் பொடித்து, ஈர மாங்காயோடு பிசைந்தால் ஆவக்காய் கண்ணில் தண்ணீர் வரவைக்கிறது. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகளில் சித்திரை, வைகாசியில் ஆவக்காய் போடுகிற அன்று தெருமுனையிலேயே மூக்கு உறுத்தும்.

கீரைக்கும் அதே கணக்குதான். நான் பொடியாக நறுக்கி, பருப்பு வேகும்வரை தட்டில் வைத்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் காரம் முழுக்க ஊறிவிட்டது. இப்போது இலையை நறுக்காமல் முழுசாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரண்டு நிமிடத்தில் எடுத்து, அப்புறம்தான் கடைகிறேன். காரம் அடங்கி, பின்னால் ஒரு மெல்லிய கசப்பு மட்டும் நிற்கிறது. அந்தக் கசப்புக்குத் துணையாகத் துவரம்பருப்பு, ஒரு கொட்டைப் பாக்களவு புளி, பச்சை மிளகாய், நிறைய பூண்டு. காரமே வேண்டும் என்கிறவர்கள் பதினைந்து நாள் நாற்றின் இளந்தளிரைப் பச்சையாகக் கிள்ளித் தயிர்ப் பச்சடியில் போட்டுப் பாருங்கள். சாப்பிடும் நேரத்தில் கிள்ள வேண்டும்.

பெரிய இலை ரகம் எனக்கு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றி இருக்கும் கிரானைட் பட்டறைகளில் வடகிழக்கிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் பின்தெருவில் அசாமிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண் ஒரு நாள் சுவர் ஓரம் நின்று என் பாத்தியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்க ஊரு லாய் ஹாக்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆனால் இலை ரொம்பச் சின்னது என்று கையை முழம் போட்டுக் காட்டினாள். அடுத்த முறை ஊருக்குப் போய் வந்தபோது ஒரு சின்னத் துணி முடிச்சில் விதை கொண்டுவந்து கொடுத்தாள். ஐப்பசியில் விதைத்து, ஓரடி இடைவெளியில் பிடுங்கி நட்டேன். நாற்பது நாளில் விசிறி மாதிரி அகன்ற, ஓரம் சுருங்கிய இலைகள். வெளியிலைகளை மட்டும் ஒடித்து எடுத்துக்கொண்டே வந்தால் நடுக்குருத்து புதிது புதிதாக விட்டது. ஐந்து செடி எங்கள் இரண்டு வீட்டுக்கும் போதுமாக இருந்தது. அவர்கள் அதைப் பூண்டு போட்டு வதக்குகிறார்கள், மீன் குழம்பிலும் போடுகிறார்கள். என் கடைசலை அவளும், அவள் வதக்கலை நானும் சாப்பிட்டோம்.

இரண்டும் ஒரே இனம்தான். தாளிப்புக் கடுகு, பஞ்சாபிலும் அசாமிலும் கீரைக்கென்று வளர்க்கும் அகல இலைக் கடுகு எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை. 1935இல் ஜப்பானில் வேலை பார்த்த வூ ஜாங்சுன் என்ற கொரிய வம்சாவளி விஞ்ஞானி இதை விளக்கினார். டர்னிப் இனத்தில் 10 இணை குரோமோசோம், கருங்கடுகில் 8 இணை. இரண்டும் இயற்கையாகக் கலந்து பிறந்த நம் கடுகில் 18 இணை. அப்பன் வீட்டுக் காரமும் அம்மா வீட்டு இலையும் ஒரே செடியில் சேர்ந்ததால்தான் ஒரு ஊரில் இது விதைப் பயிராகவும் இன்னோர் ஊரில் கீரையாகவும் வளர்ந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெரிய இலையில் கடைசல் செய்து, ராகிக் களி கிண்டி, அம்மாவுக்குத் தட்டில் வைத்தேன். அம்மா மெதுவாகச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஆயா பண்றது இது இல்லம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என்ன குறை என்று கேட்டேன். அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். ஆயா கொண்டுவந்தது கடுகு மட்டும் இல்லையாம். களை எடுக்கும்போது கைக்கு வந்த தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் அந்த மடியில் இருக்கும். கடுகு அதில் கால் பங்கோ, இன்னும் கம்மியோ. அதுவும் ஒரு விரல் நீளத்து நாற்று. "முத்தின கடுகை யாரு கீரையா தின்னாங்க? அது விதைக்கு நிக்கும்."

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. கடுகுக்கீரை குளிர்காலப் பயிர் என்று இத்தனை நாள் படித்துப் படித்து ஐப்பசிக்குக் காத்திருந்தேனே, ஆயா ஆடியில் விதைத்து ஆவணியில் எப்படிக் கீரை தின்றது என்று நான் ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பெரிய இலைதான் குளிரைக் கேட்கிறது. இருபது நாள் நாற்றுக்கு அது தேவையில்லை. பூக்கும் யோசனை செடிக்கு வருவதற்கு முன்பே அது கடைசட்டிக்கு வந்துவிடுகிறது. பூச்சி பெருகவும் அவகாசம் இல்லை. கலந்து சமைப்பதால் காரமும் தனியாக அடக்க வேண்டியதில்லை. நான் மூன்று பட்டம் போராடிய மூன்று விஷயமும் அந்தக் கொல்லையில் பிரச்சனையாகவே இருந்ததில்லை.

அதனால் வீட்டில் கடுகுக்கீரை போட நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: அகல இலை விதை கிடைத்தால் ஐப்பசியில் நாலைந்து செடி வையுங்கள், அது தனி சுகம். ஆனால் வருடத்தில் அதிகம் கைகொடுப்பது நாற்றுக்கீரைதான். சித்திரை, வைகாசி விட்டு மற்ற மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டடிச் சதுரத்தில் தூவினால் போதும். அஞ்சறைப்பெட்டிக் கடுகே இதற்குப் பிரமாதம். அதோடு தண்டுக்கீரை விதையையோ, வெந்தயத்தையோ கலந்து தூவுங்கள்.

விதைக்கு விடுவதானால் இரண்டு விஷயம் கவனியுங்கள். கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ கொஞ்சம் கலந்துவிடும். நான் அசாம் கடுகையும் நம் கடுகையும் பக்கத்தில் பூக்கவிட்டதில், அடுத்த தலைமுறையில் சில செடிகள் இரண்டுங்கெட்டானாக வந்தன. அடுத்தது, பிரம்மதண்டு. மஞ்சள் பூவும் முள் இலையுமாக நம் சாலை ஓரமெல்லாம் நிற்கும் செடி. அதன் விதை அச்சு அசல் கடுகு மாதிரி இருக்கும், ஆனால் விஷம். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். பாத்திப் பக்கம் முளைத்தால் பூக்குமுன் பிடுங்கிவிடுங்கள். கடுகுக் காய் பழுத்து மஞ்சளாகும்போதே கொத்தோடு அறுத்து, துணியில் போட்டு நிழலில் காயவைத்துத் தட்டினால் விதை சிதறாமல் கிடைக்கும்.

இந்த ஆடியில் பாத்தியில் பாதிக்கு ராகியே விதைத்தேன். நடுவே ஒரு சால் கடுகு, ஓரத்தில் இரண்டு அவரை. பண்ணைக்கீரையை நான் விதைக்கவில்லை, எருவில் இருந்து தானாகவே வந்தது. தொய்யக்கீரைக்கு மட்டும் மாரண்டஹள்ளிச் சித்தியிடம் சொல்லியிருந்தேன், வேரோடு நாலு செடி கொடுத்தனுப்பினார். இருபத்திரண்டாம் நாள் காலையில் அம்மாவே முக்காலி போட்டு உட்கார்ந்து நெருக்கம் கலைத்தார். எது கடுகு, எது களை என்று நான் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டிருக்க, அவர் பேசிக்கொண்டே இருக்க, கை தானாகப் பிடுங்கிக்கொண்டே போயிற்று. முந்தானையை விரித்து எல்லாவற்றையும் அதில் போட்டுக் கட்டிக்கொண்டு எழுந்தார். "பூண்டை நறுக்காத, தட்டிப் போடு. ஆயா தட்டித்தான் போடும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.